பதினாறு சுவர்கள்

மசாக்கா சாலையில் லுக்காயாவைத் தாண்டியதும்
இடப்பக்கம் ஏழாவது கடை நல்வோகாவுடையது.
அதன் முகத்தை நான் ஐந்து முறை மாற்றியிருக்கிறேன்.

முதலில் மஞ்சள்.
எனக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி,
அவளுக்குப் பெயின்ட் இலவசம்.
கதவுக்கு மேலே கம்பெனியின் பெயர் யானைப் பருமன்,
மூலையில் அவள் பெயர் எறும்புப் பருமன்.
எட்டாம் மாதம் சிவப்பு வந்தது.
நிமிடக் கணக்கு வேண்டாம், நொடிக் கணக்கு போதும் என்றது.
இரவோடிரவாகப் பூசச் சொன்னார்கள்.
டார்ச் பிடித்தவன் அவள் மகன் கிகோங்கோ.
விடிந்ததும் மஞ்சள்காரர்கள் வந்து கத்தினார்கள்,
ஈரச் சுவரில் கை வைத்து
சிவந்த கையோடு போனார்கள்.

பிறகு நீலம்.
பிறகு மறுபடி மஞ்சள், கொஞ்சம் கூடுதல் கூலிக்கு.

எங்கள் பக்கம் புதியவரைக் கண்டால்
எந்தக் குலம் என்று கேட்பது வழக்கம்.
நுரையீரல் மீன் என்பார்கள், வெட்டுக்கிளி என்பார்கள்.
இப்போது எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைக் கேட்கிறார்கள்.
ஒரே குலத்துக்குள் கல்யாணம் ஆகாது.
ஒரே கம்பெனிக்குள் பேசினால்தான் கட்டுப்படியாகும்.

நல்வோகாவின் மேசையில் நாலு போன்.
வாழைத்தார் விற்கிறவனுக்கு ஒன்றில் பேசுவாள்,
சோப்பு மொத்த வியாபாரிக்கு இன்னொன்றில்,
தங்கைக்கு மூன்றாவது.
நாலாவது, நீலத்துடையது, எப்போதும் சார்ஜில் கிடக்கும்.
நாட்டில் இணைப்புகள் பெருகிவிட்டன என்று
வானொலி ஒருநாள் மார்தட்டியது.
"அதில் நாலு பேர் நான்தான்" என்றாள்,
சர்க்கரை நிறுத்தபடியே.

கிகோங்கோ ஜூபாவுக்கு லாரி ஓட்டப் போனான்.
நிமிடம் தங்க விலை விற்ற நாளில்
அறுபது நொடிக்குள் எல்லாம் அடங்கும்:
காய்ச்சல் விட்டது, பணம் அனுப்பினேன்,
பாலத்தில் சுட்டார்கள், நான் அங்கே இல்லை.
காசில்லாத நாளில் ஒரு மிஸ்டு கால்.
ஒரு மணி அடித்தால் உயிரோடிருக்கிறேன்,
இரண்டு அடித்தால் நீ கூப்பிடு.

கம்பெனிகள் அடித்துக்கொண்டன, விலை தரையில் விழுந்தது.
நள்ளிரவுக்கு மேல் பேச்சு இலவசம் என்றது நீலம்.
இருவருக்கும் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.
அவள் போனை மாவு மூட்டைமேல் வைத்துவிட்டுக்
கடையைப் பெருக்குவாள்.
அவன் அங்கே டயருக்குக் காற்றடிப்பான்.
துடைப்பச் சத்தமும் காற்றுச் சத்தமும்
எல்லையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருக்கும்.
ஒருமுறை நானும் கேட்டேன்,
ஏணிமேல் நின்று, அவசர வேலையில்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் நல்ல காலம்தான்.
மூத்தவளின் பள்ளிக் கட்டணம் மஞ்சளில் கட்டியது,
கூரைத் தகடு சிவப்பில் வந்தது.
என் பையில் இரண்டு சிம்.
இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்;
ஒரு தோணி எப்போது கவிழும் என்று
அவர்களா சொல்லப்போகிறார்கள்?

கவிழ்ந்தது நீலம்.
சிவப்பு அதை வாங்கிவிட்டதாம்,
கோபுரங்களோடு, வாடிக்கையாளர்களோடு,
நள்ளிரவு இலவசத்தை மட்டும் விட்டுவிட்டு.
நீலம் எனக்குப் பதினாறு சுவருக்குக் கூலி பாக்கி.
கம்பாலாவில் மூன்றாம் மாடியில்
குளிர்சாதன அறையில் ஒருவர் கணினியைப் பார்த்துச் சொன்னார்:
"திரு. கயீரா, அந்தக் கணக்கு எங்களிடம் வரவில்லை."
வாடிக்கையாளர் வந்தார்கள், கடன் வரவில்லையா என்றேன்.
தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் அதே பதினாறு சுவரிலும்
சிவப்புப் பூசும் வேலையை எனக்கே தந்தார்கள்.
முன்பணம் வாங்கிக்கொண்டுதான் டப்பாவைத் திறந்தேன்.
பதினைந்தை முடித்தேன்.
நல்வோகாவுடையதும் அதில் ஒன்று;
ஐந்தாவது தடவை, அவள் வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை.
சார்ஜில் கிடந்த போனை மட்டும்
எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பதினாறாவது, சதுப்பு ஓரம், ஆட்டுக் கொட்டகையோடு ஒட்டியது.
அதைத் தொடவில்லை.
வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாது,
இறங்கி நடந்தால் தெரியும்.
மேற்பார்வையாளர் படம் எடுத்துக்கொண்டு கேட்டார்,
இது ஏன் இன்னும் நீலமாக இருக்கிறது?

ஐயா, அது சுவர் இல்லை,
என் ரசீது.