வேண்டுமானால்

தார்த்துவில் பிப்ரவரி.
பில்வியின் திரையில் ஒரே ஒரு வரி:
இந்தப் பொதிக்குச் சேவையகம் வேண்டும்.
ஆறு வருடம் முன்பு அவளே எழுதியது,
ஒரு வெள்ளிக்கிழமை, பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில்.

வில்சாந்தி தீவிலிருந்து இந்த்ரெக் எழுதியிருக்கிறான்.
பறவை எண்ணுகிறவன். பழைய மடிக்கணினி,
காற்று வீசினால் மின்சாரம்.
அவன் கணக்கெல்லாம் போய்ச் சேர்வது
தார்த்துவில் இருக்கும் சேவையகத்துக்கு.
"நான் கேட்டது கரண்டி.
நீங்கள் அண்டாவையும் சேர்த்து அனுப்புகிறீர்கள்.
யாருக்கும் வேண்டாத சேவையகம்
ராத்திரியெல்லாம் விழித்திருந்து
பேட்டரியைக் குடித்துவிட்டது.
விடிகாலையில் வாத்துகள் வந்தன.
கணினி எழவில்லை."

சரி, எடுத்துவிடலாம் என்று விரலை வைத்தபோது
வொரு பள்ளிக்கூடத்து ஔனே ஞாபகத்துக்கு வந்தாள்.
இவை இரண்டு நிரல்கள் என்பதே
அவளுக்குத் தெரியாது.
தெரிந்துதான் ஆகவேண்டுமா என்ன?
பதினெட்டுக் கணினிகள், பதினெட்டுப் பிள்ளைகள்,
ஒரே நேரத்தில்
இணைப்பு மறுக்கப்பட்டது.
யார் மறுத்தது டீச்சர், என்று ஒருவன் கேட்பான்.

பில்வி எழுந்துபோய்
ஜன்னலடி ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்தாள்.
இந்த வீட்டில் கொதிகலன் இல்லை.
நாலு கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம்,
மரச்சிராய் எரிகிறது.
குடிவந்த அன்று யாரும்
உன் கொதிகலன் எங்கே என்று அவளைக் கேட்கவில்லை.
ஔனேவின் வீட்டிலோ
அடுப்பு கூடத்தின் நடுவிலேயே நிற்கிறது.
சூடு வேறு, அடுப்பு வேறு என்று சொன்னால்
சிரிப்பாள்.

வேண்டும். அழித்தாள்.
அதற்கு ஒரு படி கீழே இன்னொரு சொல் உண்டு.
ஒன்றும் சொல்லாவிட்டால் கூடவே வரும்,
வேண்டாமென்றால்
முகம் சுளிக்காமல் வாசலோடு நின்றுவிடும்:
பரிந்துரை.
எழுதினாள்.

அப்புறமும் உறுத்தியது.
மறுக்கப்பட்டது என்ற அந்த வாசகத்தைத் தேடிப் போனாள்.
இருநூற்றுப் பதினோராம் வரியில் கிடைத்தது, மணி இரண்டுக்கு.
அதன் இடத்தில் வைத்தாள்:
சேவையகத்தைக் காணோம்.
இந்தக் கணினியில் இருக்கிறதா, வேறெங்காவதா?
வேறெங்காவது என்றால் முகவரி சொல்லுங்கள்.

ஔனே எதுவும் எழுதவில்லை.
அவளுக்கு எதுவும் மாறவில்லை.
இந்த்ரெக் மார்ச்சில் எழுதினான்,
நன்றிகூட இல்லாமல்:
நீள்வால் வாத்து, நானூற்றுப் பன்னிரண்டு.
கீழே இன்னொரு வரி,
அதில் இரண்டு
மூடுபனியில் சரியாகத் தெரியவில்லை.