கையை எடுக்க வேணாம்

கதவுக் கொண்டி முதுகில் இடித்தது.
அவ்வளவுதான்.
இடப்பக்கம் தொங்கிய அந்தச் சதைக்குள்
சத்தமில்லாமல் ஏதோ அவிழ்ந்தது.
பார்த்துக்கொண்டிருக்கவே
கத்தரிக்காய் அளவு பூசணியாகி
தோல் வெடித்தது.

சாறனை மடித்து அமுக்கினேன்.
வாகரை ஆசுபத்திரியில் ஒரு பஞ்சுக் கட்டு, ஒரு சேலைன்,
"மட்டக்களப்புக்கு, உடனே."
அம்புலன்ஸில் வந்த சிங்களப் பெடியன்
என் கைமேல் தன் கையை வைத்துக் காட்டினான்:
"கை எடுக்க வேணாம் அண்ணே.
எவ்வளவு நோவு சொன்னாலும்."

பனிச்சங்கேணிப் பாலத்தில் அவள் பேசினாள்,
அடுப்பில் உலை கிடக்குது என்று.
ஓட்டமாவடியில் மாடுகள் குறுக்கே நின்றன.
சித்தாண்டியில் தண்ணீர் கேட்டாள், கொடுக்கக் கூடாதாம்.
ஏறாவூரில் பேச்சு நின்றது.

ஏழு வருடம்.
இருட்டிலும் என் கையைப் பிடித்து
விலக்கி விடுவாள், அங்கே போகாமல்.
இன்றைக்குத்தான்
இரண்டு கையாலும்
தொட்டுக்கொண்டு போகிறேன்.

தியேட்டர் வாசலில் ஒரு தாதி
என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்
தன் விரல்களை வைத்தாள்.

விடியப்புறம் டொக்டர் ஸுல்பிகா வந்தார்,
காலுறையில் இரத்தம், அவருக்குத் தெரியவில்லை.
"தையல் நிற்கிதில்ல தம்பி.
நனைஞ்ச பாணுக்குள்ள நூல் கோர்த்த மாதிரி,
இழுக்க இழுக்கக் கிழியுது.
துணி அடைச்சுக் கட்டியிருக்கம்.
நாளைக்கு மறுநாள் திறந்து பாப்பம்."
ஒன்பது பைன்ட் ஏற்றினார்களாம்.
யாருடைய இரத்தமோ.

கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்:
"உடம்பில கோப்பி நிறத்தில மறு இருக்கும்,
சின்ன வயசிலயே. கண்டிருக்கிறீங்களா?
இது நரம்புக் கட்டி. பரம்பரையில வாறது.
பிள்ளை இருக்கா?
ஆறு மறு, இல்லாட்டி அதுக்கு மேல இருந்தா
கூட்டிக்கொண்டு வாங்க. பயப்பட வேணாம்.
ஆனா கூட்டிக்கொண்டு வாங்க."

மூன்றாம் நாள் துணியை எடுத்தார்கள்.
பெருகவில்லை.
சாந்தரூபி கண் திறந்து முதலில் கேட்டது:
"பாத்திட்டீங்களா?"
"எதை?"
"முதுகை."
"எங்க பாக்க," என்றேன்,
"அமுக்கிக்கொண்டெல்லோ இருந்தன்."
சிரிக்கப் போய் நோவில் உதட்டைக் கடித்தாள்.

வீட்டில், கிணற்றடியில்,
யதுஷாவுக்குச் சவர்க்காரம் போடுகிறேன்.
கூச்சத்தில் நெளிகிறாள், நான்கு வயது.
வயிற்றில் இரண்டு. தொடையில் ஒன்று.
அக்குளில் ஒன்று, பால்தேத்தண்ணி சிந்தினது போல.
நான் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

இனி முதுகுப்பக்கம் திருப்ப வேண்டும்.
வாளியில் தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.
"அப்பா, குளிருது" என்கிறாள்.