நாற்பத்தொரு மீற்றர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக் கான்
அறுநூற்றுப் பன்னிரண்டாம் மீற்றரில் நிற்கிறது.
எண் எனக்குத் தெரியும், அளந்தவள் நான்தான்.
முடிக்க மிச்சம் எண்பத்தெட்டு.
அதற்கப்பால் துருக்கம்பி, இரண்டு கொங்கிறீற் மூடி,
மழை வந்தால்
ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழும் வராத தண்ணீர்.

வரைபடத்தில் கான் ஒரு நேர்கோடு.
தோண்டினால் பழைய குழாய்.
யார் போட்டதென்று எந்தக் கந்தோரிலும் பதிவில்லை,
உடைத்தால் பாதி ஒழுங்கைக்குக் குடிநீர் இல்லை.
பொறியியலாளர் விஜேநாயக்க குனிந்து பார்த்தார்.
இடப்பக்கம் வளைத்துக்கொண்டு போங்கள்,
கடிதம் பிறகு வரும் என்றார்.
இந்த நகரத்தில் மூன்று மொழியிலும்
பிறகு என்ற சொல்லுக்குத் திகதி கிடையாது.

ஒப்பந்தகாரர் நிஸ்தார் தலையாட்டினார்.
கான் வளைந்தது, நாற்பத்தொரு மீற்றர்.
மாலையில் தள நாட்குறிப்பை எழுதினேன்:
மழை இல்லை. கூலியாட்கள் பதினொருவர்.
கலவை இயந்திரம் பழுது, மதியம் சரி.
பொறியியலாளர் வந்தார். பிளேன்டி குடித்தார்.

அப்புறம் சீமெந்து மூடைக்குக்
கிழமைக்கொரு விலை.
டீசல் வரிசையில் லொறி மூன்று நாள் தூங்கியது.
நிஸ்தார் மாற்றக் கட்டளை கேட்டு எழுதினார்,
விலையுயர்வு கேட்டு எழுதினார்,
கால நீடிப்புக் கேட்டு எழுதினார்.
அந்த மூன்றாவது கடிதத்தில்
'தயவுடன்' என்ற சொல் உதிர்ந்திருந்தது.

பத்தரமுல்லை, ஏழாம் மாடி.
பதில்களைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
'எழுத்திலான கட்டளை இல்லாதவிடத்து...'
என் விரல்களுக்கு அந்த வசனம் மனப்பாடம்.
பதினாலு நாள் அறிவித்தல்
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல்நாள் போனது.
தெரிந்து செய்ததல்ல,
தெரியாமல் செய்ததுமல்ல.
கெடு முடிந்த மறுநாள் பிணைமுறிப் பணத்தை வங்கி கட்டியது
ஒரு கேள்வியும் கேட்காமல்.
கேட்கக்கூடாதென்றுதான் அதில் எழுதியிருக்கிறது.
மேசன் யோகரூபனுக்கு மட்டும்
இரண்டு கிழமைச் சம்பளம் எந்தப் பட்டியலிலும் இல்லை.
கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

நடுத்தீர்ப்பு அறையில் குளிர்.
நடுவர் மூவர், மூன்று தண்ணீர்ப் போத்தல்.
ஓர் அமர்வின் செலவில் எத்தனை மீற்றர் கான் கட்டலாம்?
மனக்கணக்குப் போட்டேன், ஒன்பது.
அமர்வுகள் பதினான்கு.

நிஸ்தாரின் சட்டத்தரணி
நாட்குறிப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"இது உங்கள் கையெழுத்தா?"
"ஓம்."
"பிளேன்டி குடித்ததை எழுதியிருக்கிறீர்கள்.
குடித்துக்கொண்டு என்ன சொன்னார்?"

விஜேநாயக்க ஓய்வுபெற்று மெல்பேர்னில், மகன் வீட்டில்.
எங்கள் சட்டத்தரணி பேனையால் மேசையைத்
தொட்டார், தட்டவில்லை.
என் பதவியுயர்வுக் கடிதம் கையொப்பத்துக்குப் போயிருந்தது.

"வளைத்துக்கொண்டு போகச் சொன்னார்.
கடிதம் பிறகு வரும் என்றார்."

"அதை ஏன் எழுதவில்லை?"

"பிறகு எழுதலாம் என்று."

தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
அதையும் சேர்க்கவா என்பதுபோல்.

தீர்ப்பு எழுபது பக்கம்.
வளைவுக்குப் பணம், வட்டியுடன்.
முடிவுறுத்தல் செல்லும். பிணைமுறி திரும்பாது.
இரு தரப்பும் தத்தம் செலவைத் தாமே ஏற்க.

மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது நிஸ்தார் பக்கத்தில் நின்றார்.
தாடி முழுக்க நரைத்திருந்தது.
"அந்த வளைவுல வெடிப்பு ஏதும் வந்திருக்கா மிஸ்?"
"இல்லை."
"தண்ணி ஓடுதா?"
"வளைவில் நன்றாக ஓடுது."
மிச்சத்தை அவர் கேட்கவில்லை.

இந்தக் கிழமை மறு கேள்விமனுக் கோப்பு
என் மேசைக்கு வந்தது.
புது இலக்கம், புது உறை.
உள்ளே அதே வரைபடம்,
அறுநூற்றுப் பன்னிரண்டு மீற்றரும் கட்டாததுபோல்
கான் மறுபடியும் நேர்கோடு.
பென்சிலைச் சீவினேன்.
வெளியே பத்தரமுல்லை இருட்டிக்கொண்டு வந்தது,
முதலில் திகதியைப் போட்டேன்.