உலர்பனிக்கு ஒரு வரி

தார்த்துவில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
ஆய்வு நிதிக்குழுவின் நீள மேசையில்
கடைசி நாற்காலி என்னுடையது.
பெயர்ப்பலகையில் விர்வே ஓயமா, அதன் கீழே
'அனுபவம் உள்ளவர்'.
எதில் என்று எழுதவில்லை. நாகரிகம்.

கையிலுள்ள தேநீர்க் கோப்பை
தட்டின்மேல் தந்தியடிக்கிறது.
பதினெட்டு ஆண்டாய் லித்தியம்.
உப்புதான் அது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்,
நினைக்கத் தயார்.
அந்த உப்பு தலைக்குள் போய் என்ன செய்கிறதென்று
யாராவது சொன்னால் போதும்.

தார்த்து, ரீகா, பெர்கன்.
மூன்று ஊர், மூன்று குழு, மூன்று உறைபெட்டி.
முதலில் தனித்தனியே கேட்டார்கள்.
எவரிடமும் எண்ணிக்கை போதவில்லை.
சேர்ந்து வாருங்கள் என்றோம்.
சம்பந்தி வீட்டார் போல வந்து உட்கார்ந்தார்கள்,
யார் பெயர் முன்னால் என்ற கேள்வியோடு.

இரத்தத்திலிருந்து நரம்பணு வளர்ப்பார்களாம்.
வளர்ந்ததன்மேல் லித்தியம் விட்டுப் பார்ப்பார்களாம்.
எல்லாம் சரி, என்கிறார் பேராசிரியர் டைனிஸ்,
ஆனால் எங்கள் இரத்தம்
ரீகாவை விட்டு வெளியே போகாது.

எங்கள் இரத்தம்.
கோப்பையைக் கீழே வைக்கிறேன்.

ரீகாவில் இருந்தேன் ஒரு காலம்.
அந்த மே மாதம், ஒன்பது இரவு தூங்காமல்,
பாதி தெரிந்த மொழியில் பேரம் பேசி
பழைய மீன்பிடிப் படகொன்றை வாங்கினேன்.
நீச்சல் தெரியாது எனக்கு.
முன்பணம் எண்ணிக் கொடுத்த கையிலேயே
இரத்தமும் கொடுத்தேன்.
இன்னும் இரண்டு குழாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று
நர்ஸிடம் கெஞ்சினேனாம்.
(கையெழுத்தை அக்டோபரில் மறுபடி கேட்டு வாங்கினார்கள்,
நியாயமாய்.)

மறுவருடம் தார்த்து, பிப்ரவரி.
பல் விளக்குவதே மலையேற்றமாய் இருந்த நாட்கள்.
ரைன்தான் பூட்ஸ் மாட்டி அழைத்துப் போனான்.
நரம்பு அகப்பட ஐந்து முறை குத்தினார்கள்.
வலிக்கிறதா என்றார்கள்.
யாருக்கு என்று கேட்க நினைத்தேன்,
கேட்கும் பலம் இல்லை.

ஆக, ரீகாவின் பெட்டியில் ஓர் எண்,
இங்கே இன்னோர் எண்,
இரண்டும் மைனஸ் எண்பதில்.
அவர்கள் பட்டியலில் நாங்கள் இரண்டு பெண்கள்.
படகு வாங்கியவள் ஒருத்தி,
நாடா கட்ட முடியாதவள் ஒருத்தி.
ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

என் முறை வந்தது.
தயாரித்து வந்த தாளை எடுக்கவில்லை.
படகின் கதையைச் சொன்னேன். பூட்ஸையும்.
"அந்த இரண்டு குழாயையும் ஒரே மேசையில் வைக்க
எவ்வளவு செலவாகும்?"

பெர்கனின் தோருன் கணக்குத் தாளைப் புரட்டினாள்.
பக்கம் முப்பத்தொன்று, பதினான்காம் வரி:
உலர்பனிக்கட்டி, பெட்டி, வண்டி, ஓட்டுநர் சாப்பாடு,
அறுநூற்றுப் பத்து யூரோ.

படகின் முன்பணத்தைவிடக் குறைவு, என்றேன்.

டைனிஸ் சிரித்துவிட்டார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.
அதில் அழுக்கு இருந்ததாய்த் தெரியவில்லை.

பணம் ஒதுக்கினோம், கேட்டதில் முக்கால்வாசி.
யார் பெயர் முன்னால் என்பது இன்னும் இழுபறி.
ஐந்து ஆண்டு கழித்து
'மேலும் ஆய்வு தேவை' என்ற ஒற்றை வாக்கியமே
மிஞ்சினாலும் மிஞ்சலாம். எனக்குத் தெரியும்.

ஆனால் ஜனவரியில் ஒரு நாள்
வால்கா எல்லை தாண்டி, பனியில்,
வெள்ளை வேன் ஒன்று வரும்.
உள்ளே வெண்புகை கசியும் பெட்டியில்
அவள் இருப்பாள், ஒன்பது இரவு தூங்காதவள்.

இங்கிருப்பவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்:
வருகிறவள் அதிகம் பேசுவாள்,
கொஞ்சம் பொறுத்துக்கொள்.