நோக்கம்: பார்க்க

பள்ளத்தூர் கூட்டுறவு வங்கிக் காசாளர்
ம. வயிரவன், வயது நாற்பத்தாறு,
கருமருந்து செய்து பார்க்க அனுமதி கேட்டு
எழுதிய மனு
ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது.

படிவத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம்.
கிணறு வெட்ட, பாறை உடைக்க,
கோயில் வேட்டுக்கு, கடை வைக்க.
இவைதான் இதுவரை நான் பார்த்தவை.
இவர் ஒரே சொல்லில் எழுதியிருந்தார்:
பார்க்க.

அடித்துவிட்டு 'ஆராய்ச்சி' என்று போடுங்கள் என்றேன்.
எந்தக் கல்லூரி என்று கேட்பார்களே என்றார்.
கேட்பார்கள்தான்.
அடிக்காமலே மேலே அனுப்பினேன்.

இடம் பார்க்க நாலு பேர் போனோம்.
தீயணைப்பு நிலையத்துக்காரர் டேப் பிடித்தார்.
வீடு முன்தெருவில் ஆரம்பித்துப்
பின்தெருவில் முடிகிறது.
டேப் தீர்ந்து தீர்ந்து மறுபடி முளைத்தது.
இவ்வளவு போதாதா சார் என்றார் வயிரவன்.
நீளம் இருக்கிறது, தூரம் இல்லை என்றார் அவர்.

ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் டியூஷன்.
இருபது இருபத்தைந்து பிள்ளைகள்
ஏழாம் வாய்ப்பாட்டை
ஒரே குரலில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.
ஏழெட்டு ஐம்பத்தாறில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள்.

பின்கட்டில், ஆத்தங்குடிக் கல்லில்,
பச்சைப் பூவுக்கு நடுவே
ஐந்து ரூபாய் அகலத்துக்கு ஒரு கருப்பு.
இது?
மனு போடுவதற்கு முந்தி, என்றார்.
பொய் சொல்லத் தெரியாதவர்களால்
எங்களுக்கு வேலை கூடிப்போகிறது.

ஒவ்வொன்றையும் கடைத்தெருவில்தான் வாங்கினேன்,
பில் இருக்கிறது, என்று நீட்டினார்.
இருக்கலாம்.
தனித்தனியாக இருந்தால் சரக்கு.
சேர்ந்தால் பிரிவு.
இத்தனையாம் பிரிவு என்று
எஸ்.ஐ. மனப்பாடமாகச் சொன்னார்.

கால் ஹார்லிக்ஸ் பாட்டில்தான் இருந்தது.
வாளித் தண்ணீரில் கவிழ்த்தார்கள்.
தண்ணீர் கறுத்தது, வேறொன்றும் நடக்கவில்லை.
வயிரவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

இனிமேல் மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததால்
தாசில்தார் எச்சரிக்கையோடு விட்டார்.
மனு நிராகரிக்கப்பட்டது.
நோட்டு மட்டும் கோப்போடு தங்கிவிட்டது.

வங்கிப் பேரேட்டுக் கையெழுத்து.
தேதி, வெயில், ஈரம், எத்தனை வினாடி,
புகையின் நிறம்.
'தை 11. எரியவில்லை. வெறும் முனகல்.'
'மாசி 3. மழைக்கு முந்தின வாசனை, மழை இல்லை.'
'மாசி 20. காற்றே இல்லை. புகை நேராக நின்றது,
ஒரு ஆள் உயரம்.
கூட யாராவது இருந்திருக்கலாம்.'

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு
அந்தக் கடைசி வரியை
இரண்டு மூன்று தடவை படித்தேன்.

அதே அலமாரியில், இரண்டு தட்டு கீழே,
புதுவயல் கோப்பு ஒன்று உண்டு.
அந்தப் பையனுக்கும் பார்க்கத்தான் ஆசை.
புகைப்படத்தில் ஒரு கை.
விரல்களை எண்ணினால் மூன்று.
எந்தக் கோப்பை எடுக்க எழுந்தாலும்
முதலில் அதன் முதுகுதான் கண்ணில் படுகிறது.
விதியை யாரோ சும்மா எழுதவில்லை.

தொடர் நடவடிக்கை தேவையில்லை என்று
கோப்பை முடித்துக் கட்டினேன்.
கயிற்றில் சுருக்கு விழுந்தது,
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மார்கழியில் பிள்ளையார் நோன்பு.
நான் குடியிருக்கும் வீட்டு மெய்யம்மை
கீழே வாங்க என்று கூப்பிட்டார்.
மாவுப் பிள்ளையாரில் நூல் இழை எரிகிறது.
எரிகிறபடியே எடுத்து
ஒவ்வொருவராக வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.
பேங்க் மேனேஜர், கல்லூரி மாணவி,
சிங்கப்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை.
உதடு மூடும்வரை
கன்னத்துக்குள் ஒரு வெளிச்சம்.

யாரும் தூரம் அளக்கவில்லை.

வரிசையில் அடுத்து நின்ற சிறுமி
என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.
நீங்க எடுக்கலையா?
இல்லம்மா, நான் வெளியூர்.
அப்ப எதுக்கு நிக்கிறீங்க?

சும்மாதான், என்றேன்.
பார்க்க.