மூலையில் ஒரு தேதி

கெம்ச்சியில் மூன்றாம் நாளாக மழை.
பெய்தால் இங்கே யாரும் பேசுவதில்லை,
நின்றால்தான் பேச்சு.
எடிலியா சிகுவாய் அழைத்தாள்:
"திரை முழுக்கச் சிவப்பு. எங்கே தொட்டாலும் சிவப்பு.
உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வா."

நனைந்த பூட்ஸை அடுப்போரம் கழற்றினேன்.
சமையலறைத் தரையில் மூன்று கோணி சிப்பி,
விடிகாலை நீர்வற்றில் அள்ளியவை,
ஓடோடு ஓடு உரசி
முணுமுணுத்துக்கொண்டிருந்தன.
மேஜைமேல் தராசு. அதன் பக்கத்தில் கணினி.

வைரஸ் தடுப்பான் சொன்னது:
இந்தத் தளம் ஆபத்தானது. தடுத்துவிட்டேன்.
வேறு உலாவியில் திறந்தேன்.
தடுத்துவிட்டேன்.
சேர்ந்திருந்த குப்பையை அழித்தேன்,
ரவுட்டரைப் பிடுங்கி முப்பது எண்ணிச் செருகினேன்.
ஒரே ஒரு நிமிடம் காவல்காரனைத் தூங்கவைத்தேன்,
தாழ்ப்பாளை நீக்கிவிட்டுக் கதவருகிலேயே நிற்பவன்போல
பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல்.
இப்போது உலாவி ஆரம்பித்தது:
இவர் தாம் என்று சொல்கிற ஆள் இவர் இல்லை.

வங்கி பொய்.
அவள் மகளின் பள்ளிக்கூடம் பொய்.
வானிலை நிலையம்,
அது சொன்ன மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருக்கிறது,
அதுவும் பொய்.

ஊரே கோணல் என்றால்
பார்க்கிற கண்ணைப் பார்க்க வேண்டும்.
இது புரிய எனக்கு ஐம்பது நிமிடமும்
இரண்டு குவளை மாத்தேயும் ஆயிற்று.
திரையின் கீழ் மூலையில்
எறும்பளவு எழுத்தில்:
2009, ஜனவரி 1,
நள்ளிரவு தாண்டி ஐம்பது நிமிடம்.

பாவம், அது ஏமாற்றவில்லை.
அதன் காலத்தில் இந்தச் சான்றிதழ்கள் எதுவும்
இன்னும் பிறக்கவே இல்லை.
நாளைக்குப் பிறக்கப்போகிறவன் நீட்டும் அடையாள அட்டையை
எந்தக் காவலன் வாங்கிப் பார்ப்பான்?

"அந்த வருஷத்திலேயே இருக்கட்டுமே," என்றாள் எடிலியா.
"அப்போது எனக்குக் கடன் இல்லை."

மூடியைக் கழற்றினால்
பூனை முடி, அடுப்புச் சாம்பல்,
நடுவே செத்துக்கிடந்தது
சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி.
கடை ஆறு கிலோமீட்டர். மழை.
தராசைக் குப்புறத் திருப்பினேன்:
அதே வட்டம், அதே எண்.
"அப்புறம் நான் எதில் நிறுப்பேன்?"
"பக்கம் திறக்கட்டும், தருகிறேன்."

தேதியைத் திருத்தினேன்.
அத்தனை வருஷத்தையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு
சுகாதார அலுவலகத்தின் வரைபடம் திறந்தது.
தீவின் ஓரமாக எல்லா விரிகுடாவும் நீலம்.
எங்களுடையது சிவப்பு.
செவ்வோதம். நேற்று மாலை ஆறு மணியிலிருந்து
அள்ளத் தடை.

ஒரு சிவப்பை மறைத்துக்கொண்டு
இன்னொரு சிவப்பு நின்றிருக்கிறது
காலையிலிருந்து.

மோந்தால் தெரியாது. நாக்குக்குத் தெரியாது.
எவ்வளவு வேகவைத்தாலும் வேகாத நஞ்சு.
எடிலியா கோணிகளைப் பார்க்கவில்லை,
போனைத் தேடினாள்.
இரண்டு கிலோ ஏற்கெனவே
வாத்தியார் கொலிவோரோ வீட்டுக்குப் போயிருக்கிறது.

மூன்று முறை ஒலித்தது. நான்கு.
திரை மூலையில் பச்சைக் கேடயம் கண்விழித்து
தானாகவே சொன்னது:
நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.
ஐந்து.
"எடிலியாவா? இப்போதுதான் உலை கொதிக்கிறது."
"இறக்கு," என்றாள். "நாய்க்கும் போடாதே."

கோணிகளை இழுத்துப்போய்
அள்ளின இடத்திலேயே கொட்டினோம்.
திரும்பும்போது இருவருக்கும் பேச்சில்லை,
மழைக்கு மட்டும் இருந்தது.

என் கூலி எப்போதும் ஒரு கிலோ சிப்பி.
அன்றைக்கு உருளைக்கிழங்கு,
கறுப்புத் தோல், உள்ளே ஊதா,
இரண்டு கையாலும் வாரி என் பெட்டிக்குள் போட்டாள்,
ஸ்குரூடிரைவர்களின்மேல்,
எடை போடாமல்.