ட்ரெய்னி, முப்பத்தோராம் மாதம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி.
நான் அங்கே சம்பளக் கணக்கு எழுதுகிறவன்.
ஊசி பிடித்ததில்லை. ஆனாலும்
அந்தச் சட்டைகளில் என் தையலும் இருக்கிறது.

ஏழாவது லைனில் பதினோரு பேருக்குக் காது கேளாது.
அவர்களை எடுத்த அன்று மேனேஜர் சொன்னார்:
"அரட்டை இல்லை, சங்கம் இல்லை.
இன்னும் இருபது பேர் கிடைத்தாலும் எடு."
நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவதென்று
இன்றுவரை தெரியவில்லை.

காலர் பொருத்துகிற டெய்சிராணி
தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலில் வருகிறவள்.
மணிக்குத் தொண்ணூறு காலர்.
பக்கத்து மெஷின் சரோஜம்மாவுக்கு எழுபத்தைந்து.

"பேகா, பேகா" என்று சூப்பர்வைசர் கத்துவது
அவளிடம் போய்ச் சேராது.
பாபின் எறிந்து கூப்பிடுவான்.
முதுகில் பட்டால் திரும்ப வேண்டும்.
ஒருநாள் கழுத்தில் பட்டது.

வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிற வாரம் மட்டும்
மெஷின் தலையில் சிவப்பு விளக்கு ஒன்று முளைக்கும்.
கூப்பிட வேண்டுமென்றால் அது எரியும்.
அவளை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள்.
வெள்ளி மாலை விளக்கைக் கழற்றி
ஸ்டோருக்கு அனுப்புகிற சீட்டில்
கையெழுத்து என்னுடையது.

போன மாதம் ஏழாம் தேதி, டீ நேரத்தில்
என் மேசைக்கு வந்தாள்.
இரண்டு சம்பளச் சீட்டு.
ஒன்று சரோஜம்மாவுடையது.
(கேட்டு வாங்கினாளா, அவளே கொடுத்தாளா, தெரியாது.)
ஒரு தொகைமேல் வலது சுட்டுவிரல்.
இன்னொன்றின்மேல் இடது.
பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன்.
அவள் கண்ணை எடுக்கவில்லை.
உதட்டை இழுத்து இழுத்துச் சொன்னேன்:
ட்ரெய். னி.
ஏப்ரனிலிருந்து டெய்லர் சாக்கை எடுத்து
என் மேசைக் கண்ணாடிமேல் எழுதினாள்:
2140 × 31
கோடு கிழித்து, அடியில் 66340.

சரிதானா என்று போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி.
சரி.

அதன்பின் அவள் கைகள் வெகுநேரம் பேசின.
இரண்டரை வருஷமாக ஒரே கேன்டீனில் தட்டு கழுவுகிறோம்.
அந்த மொழியில் சோறு என்பதற்கு என்னவென்றுகூட
நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மணி அடித்ததும் போய்விட்டாள்.
மேசை துடைக்க வந்த பையனை வேண்டாமென்றேன்.
அந்தச் சாக் இஸ்திரிச் சூட்டில் மறைந்துபோகும் ரகம்.
மறையாத ரகத்தில் எழுதியிருப்பது நான்தான்,
மாதாமாதம், அவள் பெயருக்கு நேரே, ஆறெழுத்தாய், ஆங்கிலத்தில்.

பதினோரு பேரும் தொழிலாளர் அலுவலகம் போகிறார்களென்று
சரோஜம்மா வழியாகத் தெரிந்தது.
அங்கே பதிவேட்டு நகல் கேட்பார்கள்.
ஞாயிறன்று ஆபீசைத் திறந்து அச்செடுத்தேன்.
டிஃபன் பையில் வைத்துக் கொண்டுபோனேன்.
மேல் தாளில் சாம்பார்.

யஷ்வந்தபுரம் பஸ் ஸ்டாப்பில் அத்தனை கூட்டம்.
எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள்.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அரைக் கணம் மறந்துபோய்.
கையில் எறிய எதுவும் இல்லை.
இருந்திருந்தால் எறிந்திருப்பேனோ என்னவோ.

சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றேன்.

வாங்கிக்கொண்டாள். சிரிக்கவில்லை.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
முப்பது.
மறுபடி எண்ணினாள்.
பிறகு என் முகத்துக்கு நேரே
ஒரே ஒரு விரலை நிமிர்த்தினாள்.

அது புரிந்தது.